லினக்ஸில் நாம் போட்ட டிஎன்எஸ் நிலைத்து நிற்க

இணையதளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். லினக்ஸில் அதை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராக 'இடிசி' ஃபோல்டரில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில்தான் கை வைக்கிறார்கள். கிளவுட்ஃபிளேரின் பொது டிஎன்எஸ் முகவரியான 1.1.1.1 என்று எழுதிச் சேமித்தால் உடனே வேலையும் செய்யும். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி ஆன் ஆனதும் பழைய முகவரியே திரும்பியிருக்கும். காரணம், உபுண்டு லினக்ஸில் அது தனி ஃபைலே அல்ல. டிஎன்எஸ் வேலையைப் பின்னணியில் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை தானாக எழுதி வைக்கும் இன்னொரு ஃபைலுக்கான லிங்க். அதில் தெரியும் 127.0.0.53 உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கிறது. உண்மையான சர்வர் முகவரியை ரவுட்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர். ஆகவே சொல்ல வேண்டியதை அதனிடம்தான் சொல்ல வேண்டும்.

செட்டிங்ஸில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தை அழுத்தி, ஐபிவி4 பக்கத்துக்குப் போங்கள். டிஎன்எஸ் வரியில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்துவிட்டு 1.1.1.1, 1.0.0.1 என்று கமா போட்டு எழுதுங்கள். முகவரியை எழுதிவிட்டு ஆட்டோமேட்டிக்கை அணைக்காமல் விட்டால் ரவுட்டர் தரும் முகவரியும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

பலர் கோட்டை விடுவது, புதிய வகை இணைய முகவரிகளுக்கான ஐபிவி6 பக்கத்தில். அங்கேயும் ஆட்டோமேட்டிக்கை அணைத்து 2606:4700:4700::1111 என்று போடுங்கள். இல்லையென்றால் அந்த வழியாக ரவுட்டரின் டிஎன்எஸ் உள்ளே வந்துவிடும். முடித்ததும் இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேருங்கள். அதுவரை மாற்றம் நடப்புக்கு வராது.

இந்த அமைப்பு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. காவேரிப்பட்டணத்து வீட்டு பிராட்பேண்டில் செய்தது, ஓசூர் பஸ்ஸில் போடும் ஹாட்ஸ்பாட்டுக்குப் பொருந்தாது. லாகின் பக்கம் கேட்கும் கல்லூரி, விடுதி வைஃபைகளை மட்டும் ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள். வெளி டிஎன்எஸ் போட்டால் சில இடங்களில் அந்த லாகின் பக்கமே திறக்காது.

ரிசால்வ்.கான்ஃப் ஃபைலை யாரும் மாற்ற முடியாதபடி 'சாட்டர்' கட்டளையால் பூட்டச் சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லிங்க் மேல் அந்தப் பூட்டு விழாது. லிங்க்கை நீக்கி நிஜ ஃபைலாக்கிப் பூட்டினால், பின்னாளில் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் தன் டிஎன்எஸ்ஸை எழுத முடியாமல் அலுவலகத் தளங்கள் திறக்காமல் போகலாம். பூட்டியது அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சரிபார்க்க, டெர்மினலில் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' (resolvectl status) கொடுத்து, உங்கள் வைஃபைக்குக் கீழே வரும் டிஎன்எஸ் சர்வர்கள் வரியைப் பாருங்கள். நீங்கள் போட்டவை மட்டுமே இருக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தும் பிரவுசரில் மட்டும் வேறு டிஎன்எஸ் காட்டினால், பிரவுசரின் பிரைவசி அமைப்பில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது சிஸ்டம் அமைப்பைக் கேட்காமல் தன் வழியில் போகும்.