இரண்டாம் நாள் இறைப்பு

"முடிஞ்சுதா?"

"ஓம், நாப்பத்திமூண்டும் முடிஞ்சுது."

தொலைபேசியில் நடந்தது இவ்வளவுதான். கேட்டவர் குடிதண்ணீர் கொண்டுபோகும் பவுசர் லொறிகளின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் அலுவலர். பதில் சொன்ன நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் இணைப்பாளர். வெள்ளம் வற்றியதும் கிணறு இறைக்க ஆட்களையும் மோட்டரையும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அடுத்த நாள் காலை அந்தக் கிராமத்துக்குப் பவுசர் வரவில்லை. வேறொரு கிராமத்துக்குத் திருப்பியிருந்தார்கள். அங்கேயும் சனம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டுதான் இருந்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்ன எண்ணிக்கையும் பொய்யில்லை.

ஆனால் ஒரு கிணறு 'முடிஞ்சுது' என்றால் என்ன?

வெள்ளம் புகுந்த கிணற்றில் இரண்டு நாள் வேலை உண்டு. முதல் நாள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். மோட்டர் சத்தம், வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் பாய்வது, கயிறு கட்டி உள்ளே இறங்கும் பொடியன், சேற்று வாளி, சுற்றி நின்று பார்க்கும் சனம். படம் எடுக்கிறவர்கள் எடுப்பதும் அன்றைக்குத்தான். இரண்டாம் நாள் அப்படி ஒன்றும் இல்லை. குளோரின் மணக்கிற தெளிந்த தண்ணீரை மறுபடி இறைத்துக் கொட்டி, ஊற்று ஊறி வந்தபின் சின்னக் குழாயில் மாதிரி எடுத்து, மாத்திரை போட்டு, குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நிறம் பார்க்க வேண்டும். அதற்குக் கைதட்டல் கிடையாது. ஆனால் குடிக்கலாமா கூடாதா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

கணக்கைச் சொன்னால் விளங்கும். 1.2 மீற்றர் விட்டமுள்ள, கொங்கிறீற் வளையம் இறக்கிய கொட்டுக் கிணற்றில் 3 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 3,400 லீற்றர். 2 அங்குல பெற்றோல் மோட்டரின் பெட்டியில் நிமிடத்துக்கு 500 லீற்றர் என்று போட்டிருக்கும். பாதிக் குழாய் சேற்றால் அடைபட்டால் அது எங்கே வரப் போகிறது? பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று போகும். அதற்குள் ஊற்றும் ஊறும். சுவரைத் தேய்ப்பது, அடியில் படிந்த சேற்றை அள்ளுவது எல்லாம் சேர்த்து ஒரு கிணற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும்.

பிறகுதான் மருந்து. கிணற்றில் நிற்கும் 100 லீற்றர் தண்ணீருக்கு 0.2 வீதக் குளோரின் கரைசல் 1 லீற்றர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3,400 லீற்றருக்கு அப்படி 34 லீற்றர் கரைசல். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தருகிற ரி.சி.எல். என்ற வெளிற்றும் தூள் புதிதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே ஏறத்தாழ 200 கிராம் தேவை. 70 வீதத் தூள் என்றால் அதில் பாதி போதும். சாக்கின் வாய் திறந்து ஈரம் பட்ட ரி.சி.எல்லில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். கலங்கிய தண்ணீரில் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு போய்விடும், கிருமிக்கு மிஞ்சாது. ஊற்றிய பிறகு இரவு முழுவதும் யாரும் தொடக்கூடாது.

இந்த 'யாரும் தொடக்கூடாது' என்பதற்குள்தான் பவுசர் இருக்கிறது. கிணற்றை மூடி வைக்கச் சொல்கிறவன் அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் காட்ட வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வேலை தெரிந்தவர்களுக்கு மற்றதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்தெந்த ஊருக்குள் தண்ணீர் ஏறும், எந்தப் பாதை முதலில் அறும் என்பது அங்குள்ள எல்லாருக்கும் மனப்பாடம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை இன்னும் காட்டுவார்கள். நான் சொல்லும் இந்த 43 கிணற்று வேலையின் முதல் நாளில் எங்களிடம் நாலு மோட்டர். இரண்டு எங்களுடையவை. இரண்டைப் பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து ஒரு பள்ளிவாசல் இளைஞர் குழு கொண்டுவந்தது. அவர்களில் இரண்டு பேர் தொழில்முறையில் குழாய் பொருத்துகிறவர்கள். எங்கள் பொடியன்மார் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டிய காற்றுக் கசிவைச் சைக்கிள் ரியூப் துண்டொன்றால் இரண்டு நிமிடத்தில் அடைத்தார்கள். விளையாட்டுக் கழகம் இருபது பேரைத் தந்தது. பெற்றோலுக்குக் கோயில் பரிபாலன சபை. கயிறு, தார்ப்பாய், ஜெனரேட்டர், பெரிய சட்டிகள் எல்லாம் மரணாதார சங்கத்தின் சாமான்கள்.

மரணாதார சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிவாரணம் கொண்டுவருகிற வெளியாட்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. செத்த வீட்டுச் செலவுக்கு உதவ ஒவ்வொரு மாதமும் வீடு வீடாகச் சந்தா வாங்குகிற சங்கம் அது. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், எந்தக் கிழவி தனியே இருக்கிறாள் என்பது அவர்களின் கொப்பியில் போன மாதம்வரை சரியாக இருக்கும். கையில் கொஞ்சம் காசும் இருக்கும், அதை எடுக்க யாரிடமும் கடிதம் வாங்கத் தேவையில்லை. அன்றைக்கு எங்கள் கிணற்றுப் பட்டியல் அந்தக் கொப்பியில் இருந்துதான் வந்தது. எந்தக் கிணறு முதலில் என்ற வரிசையை மாதர் சங்கத் தலைவியும் மருத்துவமாதுவும் போட்டார்கள்: கைக்குழந்தை உள்ள வீடு, கர்ப்பிணி உள்ள வீடு, பலர் அள்ளுகிற கிணறு, பிறகு மற்றவை. அந்த வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் போட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

முதல் நாள் கருக்கலில் வேலை நிறுத்தியபோது தலைவி அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மறுகா எப்ப வருவீங்க தம்பி?"

"நாளைக்கு விடியவே வாறம் அக்கா."

வந்தோம். இரண்டு மோட்டரோடு. மற்ற இரண்டையும் நான்தான் இரவோடு இரவாகத் திருப்பிவிட்டேன். தண்ணீர் வற்றிப் பாதை திறந்த இன்னொரு ஊரிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்கள் வீடு திரும்புகின்றன, கிணற்றில் செத்த கோழி மிதக்கிறது என்றார்கள். அந்த நேரம் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. செத்த கோழிக்கும் குளோரின் மணத்துக்கும் இடையில் எதைத் தெரிந்தெடுப்பது?

ஆனால் மோட்டரைத் திருப்பியதையும் 'முடிஞ்சுது' என்று சொன்னதையும் ஒரே கணக்கில் போடக்கூடாது. மோட்டர் நாலுதான் இருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. சொல்லுக்கு அப்படி ஒரு பற்றாக்குறையும் இல்லை. "மருந்து போட்டாச்சு, நாளைக்கு இறைக்க வேணும், பவுசர் இன்னும் ரெண்டு நாள் வரட்டும்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஏன் சொல்லவில்லை? களைப்பு என்று எழுதலாம். உண்மையில் அன்று மாலை காசு தந்து உதவுகிறவர்களுக்கு எண்ணிக்கை அனுப்பியிருந்தேன். அந்த 43 என் வாயில் இருந்தது. கேட்டவுடன் அதுவே வந்தது.

இரண்டாம் நாள் பொழுதுபட 17 கிணறுதான் இறைத்து முடிந்தது. மாத்திரை போட்டுப் பார்த்ததில் பதினைந்தில் இளஞ்சிவப்பு மெல்லிசாக வந்தது, லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே. மற்ற இரண்டும் ரத்தச் சிவப்பு, மறுபடி இறைத்தோம். மிச்சம் 26 கிணறு மூடியபடி இருந்தன. மூடியபடி என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தலைவி அக்கா சொன்னா: "மருந்து மணம் தம்பி, வாயில வைக்க ஏலா. பவுசரும் வரல்ல. புள்ளயள் வட்டைக்குள்ள கிடக்கிற கிணத்துலதான் அள்ளிக் குடிச்சதுகள்."

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கும் கிணறு எங்கள் பட்டியலிலேயே இல்லை. கட்டு உயரமில்லாத, வயல் வேலைக்காரர் கைகால் கழுவுகிற கிணறு அது. வெள்ளம் அதற்கு மேலாலேயே போனது. பார்வைக்குத் தெளிவாக இருந்தது, மணமில்லை, ஆகவே சனத்துக்கு அதுதான் நல்ல தண்ணீர். நாங்கள் மருந்து போட்டதாலேயே கெட்ட கிணற்றுக்குப் போனார்கள். துப்புரவு வேலையில் இதைப் போல மோசமான பிழை கிடையாது, எந்தப் பயிற்சியிலும் இதைப் பற்றி ஒருவரும் சொல்லித் தந்ததுமில்லை.

அந்தக் கிழமை வயிற்றோட்டம் கூடியதாகப் பி.எச்.ஐ. எதுவும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு, நோய் வராததால் நான் சொன்னது சரியாகிவிடுமா என்ற கேள்வி வந்தது. வந்திருந்தால்கூட என் ஒரு சொல்லால்தான் வந்தது என்று யார் நிறுவுவார்கள்? இதில் எந்தப் பக்கம் நின்றாலும் கால் வழுக்குகிறது.

மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்களையாவது எழுதி வைக்கிறேன். மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். தண்ணீர் மட்டம் ஆறேழு மீற்றருக்குள் இருந்தால் மேலே வைத்தே உறிஞ்சலாம். உள்ளே ஓடினால் புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கிணற்றுக்குள்ளேயே தேங்கும், இறங்குகிற பொடியன் ஏறமாட்டான். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டும், அந்த வாயுவைக் காட்டாது. சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை பற்றி வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமுள்ள எழுவான்கரை மணலில் அடிமட்டும் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் தண்ணீரோடு நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் கொட்டுக்குக் கீழால் மணல் பாய்ந்து கிணறு தாழ்ந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பை வெளியேற்றுகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில், மேலே மிதந்த நல்ல தண்ணீர் போய்க் கீழிருந்த உவர்தான் ஏறியது. ஆசைப்பட்டு இறைப்பதும் ஒரு கேடு.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டும் என்று கைநூல் சொல்லும். 20 பேர்ச், அதாவது ஏறக்குறைய 506 சதுர மீற்றர், வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22, 23 மீற்றர்தான் வரும். ஆகவே மருந்து போடுவது ஒரு தடவை கழுவி விடுவது, அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் பழையபடி வரும். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வதை நிறுத்தக்கூடாது.

பவுசர்க்காரருக்கும் எங்களுக்கும் இடையில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாதர் சங்கம் தொலைபேசியில் சொன்னால்தான் பவுசர் நிற்கும், நாங்கள் சொன்னால் நிற்காது. இது தலைவி அக்காவின் யோசனை. எனக்கு முதலில் கொஞ்சம் சுட்டது.

எங்கள் கொப்பியிலும் இரண்டு நிரல் போட்டிருக்கிறோம்: 'மருந்து போட்டது', 'பார்த்து விட்டது'. போன மாரியில் ஒரு பின்னேரம் கொப்பி எழுதுகிற பிள்ளை கேட்டாள்: "சேர், காசு தந்த ஆக்களுக்கு அனுப்புற அறிக்கையில எந்த நிரல்ர தொகையைப் போட?"

முதல் நிரல் 31, இரண்டாவது 12.

"முதலாவத போடுங்க" என்றேன்.