பாட்டியின் தகரப்பெட்டியும் இங்கிலாந்து ராஜாவும்

நான் 27 ஆண்டுகள் பினாங்கு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். சாட்சி சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி கேட்பதைச் சாட்சிக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஓய்வு பெற்றதோடு போயிற்று. இப்போது தாராளமாகச் சேர்க்கிறேன்.

போன வாரம் பரணை ஒழித்தபோது பாட்டியின் தகரப்பெட்டி கைக்கு வந்தது. நாதாங்கி பிளந்து, செம்புக் கம்பியால் கட்டிய பெட்டி. அது உடைந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். துரை பங்களாவில் கைக்கடிகாரம் ஒன்று காணாமல் போனது. பாட்டி பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போயிருந்த காலை நேரத்தில் துரை அனுப்பிய ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பெட்டிகளை உடைத்தார்கள். பாட்டியின் பெட்டியில் இருந்தவை இரண்டு சேலை, ஒரு விபூதிப் பை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள். கடிதங்களில் ஏதாவது துப்பு இருக்கும் என்று எழுத்துத் தெரிந்த ஒருவனை விட்டுத் திண்ணையில் உரக்கப் படிக்கச் சொன்னார்களாம். கடிகாரம் பிறகு பங்களாவின் குளியலறையிலேயே கிடைத்தது.

நாதாங்கி போனதைப் பாட்டி பெரிதுபடுத்தியதே இல்லை. கடிதத்தைப் படித்ததைத்தான் சாகும்வரை சொன்னாள். "துரை சொல்லி வந்த ஆட்கள். தடுக்க நாம் யார்?" என்று முடிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, மதிய இடைவேளையில் ஒரு பழைய வழக்கைப் படித்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்துவிட்டது. 1762 நவம்பரில் லண்டனை அடுத்த ஸ்டெப்னியில், அரசாங்கத்தைச் சாடும் வார இதழில் எழுதிவந்த ஜான் என்டிக் என்பவரின் வீட்டுக்குள் அரசரின் ஏவலாளர்கள் நால்வர் நுழைந்தார்கள். கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் ஆணை. நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்து, காகிதங்களைப் படித்து, அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் அமைச்சரை விட்டுவிட்டு, வந்த நால்வர் மீதே வழக்குப் போட்டார். "மேலிடத்து ஆணை" என்றார்கள் அவர்கள். நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்றும் வாதாடினார்கள். 1765இல் நீதிபதி கேம்டன் பிரபு இரண்டையும் ஏற்கவில்லை. அப்படி ஓர் அதிகாரம் உண்டென்றால் சட்டப் புத்தகத்தில் இருக்கும். அங்கே இல்லையென்றால் அது சட்டமே அல்ல என்றார். ஒருவனுடைய உடைமைகளிலேயே அவனுக்கு மிக அருமையானவை அவனுடைய காகிதங்கள் என்றும் சொன்னார். இதைத்தானே பாட்டி வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தாள்!

இதற்கு வித்து ஒன்றரை நூற்றாண்டு முன்பே விழுந்திருந்தது. 1607இல் ஜேம்ஸ் மன்னர் தாமே வழக்குகளைத் தீர்ப்பேன் என்றபோது, தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் கூடாது என்றார். அரசர் மனிதர் எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர், ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர் என்பது அவருடைய வாதம். 1616இல் கோக் பதவி இழந்தார். அரசர்கள் எளிதில் மறப்பதில்லை.

நம் பக்கத்தில் கண்ணகி இருக்கிறாளே என்பீர்கள். இருக்கிறாள். பாண்டியன் முன்னால் சான்று காட்டி வாதாடினாள். அவன் மனச்சாட்சி உள்ளவன், உயிரை விட்டான். கோவலனை வெட்டிய காவலரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது ஆண்ட ஜார்ஜ் மன்னருக்கு மனச்சாட்சி இருந்ததா என்று என்டிக் வழக்கில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

எரிச்சலூட்டும் விஷயம் வேறு. 1807இல் வந்த அரச சாசனத்தோடு இங்கிலாந்துச் சட்டமும் பினாங்குக்கு வந்துவிட்டது என்று 1858இல் நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் இங்கேயே தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஆக, பாட்டியின் பெட்டி உடைந்த நாளில் கேம்டனின் தீர்ப்பு லைட் ஸ்ட்ரீட் நீதிமன்ற அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. நடுவில் இருந்தது ஒரு ஃபெரி தூரம். துரையோ அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். அவர்களுக்கே இல்லாத அதிகாரம் அவருக்கு ஏது? தொழிலாளர் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்று அவருடைய வக்கீல் வாதாடியிருக்கலாம். பெட்டி யாருக்குச் சொந்தம்?

சட்டம் படிக்கும் பேத்தியிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "என்டிக் 2,000 பவுண்டு கேட்டார், ஜூரி 300தான் கொடுத்தது. பாட்டி வழக்குப் போட்டிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள், தாத்தா?" என்று கேட்டாள்.

மீன்காரரிடம் பத்துக் காசுக்காக அரை மணி நேரம் நிற்பவள் பாட்டி. 300க்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.