போட்டேயும் போடுவும்: எங்கள் சாஃப்ட்பால் அணியின் ஓர் ஆண்டு

சென்ற கல்வியாண்டில் எங்கள் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் அணி 7 ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வென்றோம், ஐந்தில் தோற்றோம். தோல்விகளில் ஒன்று என் கையால் வந்தது. இரண்டாவது வெற்றியில் அதே கைக்குப் பங்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்தது இரண்டே இரவுகள். அந்த இரவுகளில் நாங்கள் செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு ஜூலையிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லூரி பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து வருகிற எங்களுக்கு வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், கடையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. அணியில் 14 பேர். ஆறு பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். மற்ற எட்டுப் பேரில் மூன்று பேர் மலப்புறம், கோழிக்கோடு பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள், தமிழ் கேட்டே பழகாதவர்கள். எனக்கு மலையாளம் நன்றாகப் பேசவும் படிக்கவும் வரும். அதனால் ஆட்டத்தில் மொழி ஒரு சிக்கலாகும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கிரிக்கெட் மட்டுமே பார்த்தவர்களுக்காக ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 9 பேர், 7 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து, கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவாள். அடித்தவள் பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடிதான். நன்றாக ஓடுகிறவளுக்கு அது மூன்று வினாடிச் சில்லறை. அந்த மூன்று வினாடிக்குள் பந்தை எடுத்து, எங்கே எறிவதென்று முடிவு செய்து, எறிந்தும் முடிக்க வேண்டும். யோசிக்க நேரமே இல்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தில் கத்துவது ஒரு வேலை. பந்தை எடுப்பவள் குனிந்திருப்பாள், அவளுக்கு ஓடுகிறவர்கள் தெரியமாட்டார்கள். பார்க்கிறவள்தான் சொல்ல வேண்டும்.

முழு மைதானத்தையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவள் கேட்சர் ஒருத்திதான். என்னை அந்த இடத்துக்கு எங்கள் பயிற்சியாளர் மாஷ் எடுத்ததற்குக் காரணம் என் குரல். அப்பா வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் இருபது வருடமாக ஏலம் கூவுகிறவர். முதல் நாள் நான் கத்தியதைக் கேட்டதும், "நீ பிளேட்டுக்குப் பின்னால் உட்காரு மோளே" என்றார் மாஷ். என் இடம் அங்கேயே முடிவாகிவிட்டது.

கிளவுஸ் மொத்தம் எட்டு இருந்தன. அதில் இரண்டு கட்டையாகக் காய்ந்து போனவை. தேங்காய் எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்து, சைக்கிள் டியூபால் கட்டி ஒரு வாரம் வைத்தோம். ஒன்று மடங்கத் தொடங்கியது, மற்றது கடைசிவரை வழிக்கு வரவில்லை. கோடு போடச் சுண்ணாம்புத் தூள். பேஸுக்கு மணல் அடைத்த உரச்சாக்கு, மேலே வெள்ளைத் துணி. அடித்துப் பழக இன்னொரு சாக்குத் துணியை வலை மாதிரித் தொங்கவிட்டோம். பல்கலைக்கழகப் போட்டிக்கான படிவத்தில் என் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததால் மூன்று முறை அலைந்தேன். அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கேரளக் கல்லூரியில் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கு இருந்த பிட்சர் ஒருத்திதான். மூன்றாமாண்டு சேச்சி. அவர் ஃபோனில் ஜப்பான் பிட்சர் யுகிகோ உவேனோவின் வீடியோக்கள் நிறைய இருந்தன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் உவேனோ. அதற்குப் பிறகு சாஃப்ட்பாலை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 13 வருடம் கழித்து 2021இல் டோக்கியோவில் மறுபடி சேர்த்தபோது, 39 வயதில் அதே உவேனோ வந்து இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 2-0 என்று வெல்ல வைத்தார். சேச்சி அந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, இடுப்பு எப்போது திரும்புகிறது, மணிக்கட்டு எப்போது சுண்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு மைதானத்தில் என்னை உட்கார வைத்து நாளுக்கு 100 பந்து. என் இடது உள்ளங்கை செப்டம்பர் முழுக்கச் சிவந்தே கிடந்தது. அவரோடு அந்த மாதம் கழித்ததை இன்னும் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் எங்கள் ஊருக்குக் காற்று வரும். கார்த்திகை பிறந்தால் கிழக்கேயிருந்து வறண்ட காற்று தள்ளத் தொடங்கும். மலையாளத்தில் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். சாஃப்ட்பால் என்ற பெயரை நம்ப வேண்டாம், பந்து நல்ல கெட்டி. ஆனால் சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 190 கிராம். கிரிக்கெட் பந்து 9 அங்குலம், 160 கிராம். எடை கொஞ்சம்தான் கூடுகிறது, காற்றுக்குக் காட்டும் முகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உயரப் போன பந்து எங்கள் மைதானத்தில் நேராக இறங்கியதே கிடையாது. கிழக்கு ஓரத்தில் நிற்கும் பனைகளைப் பார்த்துக்கொண்டே ஃபீல்டர்கள் நிற்கப் பழகினார்கள். ஓலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பத்து அடி தள்ளி நில் என்பது எங்களுக்குள் ஒரு கணக்கு.

பொள்ளாச்சிப் பக்கம் போய் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடினோம். முதலாவது 1-11. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் 7 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள், அப்படி முடிந்தது. அன்று ஒரு விதியை அடிபட்டுக் கற்றேன். அடிக்கத் தவறினால் அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தை கேட்சர் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது அடித்தவள் அவுட் இல்லை, ஓடலாம். அவுட் என்று நினைத்து நான் பந்தை எடுக்காமலே எழுந்து நின்றேன், அவள் ஓடிவிட்டாள். இரண்டாவது ஆட்டம் 3-9.

டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, திருச்சூர் பக்கம். எங்களை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்க வைத்தார்கள். நான்கு அணிகள் ஒரு பிரிவில், முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு.

முதல் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், 4-4. அவர்கள் அடிக்கிறார்கள். ஒரு அவுட். முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. மூன்றாவதில் நிற்பவள் ஹோமுக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் பேஸில் நிற்பவள் எங்கே போனாலும் நமக்குக் கவலை இல்லை. இந்த நிலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பிட்சர் கையை விட்டுப் பந்து போனதும் முதல் பேஸ்காரி இரண்டாவதுக்கு ஓடுவாள். அவளைப் பிடிக்கக் கேட்சர் எறிந்தால், அந்த இடைவெளியில் மூன்றாவதில் நிற்பவள் ஹோமுக்குள் புகுந்துவிடுவாள்.

எனக்கு இது தெரியும். ஓடினாள். பந்து என் கையில். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே, ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற மலப்புறத்துப் பெண் உயிரைக் கொடுத்துக் கத்தினாள்: "போட்டே! போட்டே!"

மலையாளத்தில் போட்டே என்றால் போகட்டும், விட்டுவிடு. அவள் சொன்னது மிகச் சரி. எனக்கு மலையாளம் தெரியாதா? காலையில் டீக்கடையில் பத்து முறை அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். ஆனால் அந்த வினாடியில் என் காதில் விழுந்தது தமிழ்: போடு. போட்டேன். பந்து போய்க்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் மண்ணில் கால் சறுக்கும் சத்தம் கேட்டது. 4-5.

அழுதேன். அவளும் அழுதாள், தான் தப்பாகக் கத்திவிட்டோம் என்று. நான் தப்பாகக் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு ராத்திரி ஆகிவிட்டது. சேச்சிதான் எங்கள் இரண்டு பேரையும் வகுப்பறை நடுவில் உட்கார வைத்து, "ஆட்டத்தில் கத்துகிற எல்லாச் சொல்லையும் போர்டில் எழுது" என்றார். சாக்பீஸை எடுத்தேன்.

இருபதுக்கு மேல் சொற்கள் வந்தன. யாரும் இதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. விடு, போ, போட்டே, வேண்டா, நோக்கு, பார்த்து, இங்கே, இவிடே. வாயில் வந்ததைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். இங்கிலீஷில் வைத்துக்கொள்வோம் என்று ஒருத்தி சொன்னாள். ஹோல்டும் ஹோமும் கத்தினால் ஒரே மாதிரிக் கேட்கிறது, வேண்டாம் என்று விட்டோம். பிறகு இரண்டு மொழியிலும் ஒரே பொருள் தருகிற சொல் எதெது என்று தேடினோம். தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. தமிழிலக்கியம் படிக்கிறவள் நான், இரண்டும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கையால் தொட்ட மாதிரி இருந்தது.

பேஸ்களுக்கு எண். ஒண்ணு, ரெண்டு, மூணு, ஹோமுக்கு நாலு. அவர்கள் ரண்டு என்றாலும் புரியும். உயரப் போன பந்துக்கு: எனக்கு. அவர்கள் வாயில் எனிக்கு. எறிய வேண்டியிருந்தால் எண்ணை மட்டும் கத்துவது. எறியக் கூடாதென்றால்: கையில். தமிழிலும் கையில், மலையாளத்திலும் கையில், போடு என்று யார் காதிலும் விழாது. மொத்தம் ஆறே சொற்கள். மற்றது எதையும் ஆட்டத்தில் கத்தக் கூடாது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தண்ணீர் பாட்டிலைப் பந்தாக வைத்துப் பதினொரு மணிவரை பழகினோம். மறுநாள் இரவும் அப்படியே.

இரண்டாவது ஆட்டம் 9-2. அதில் காற்று எங்களுக்கு உதவியது. கணவாயின் மேற்கு வாயில் அந்த ஊர், எங்கள் ஊர்க் காற்றேதான் அங்கேயும் வந்து சேர்கிறது. எதிரணி ஃபீல்டர்கள் பந்துக்கு நேர் கீழே போய் நின்றார்கள், பந்து தள்ளி விழுந்தது. எங்கள் பிள்ளைகள் புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார்கள். எனக்கு, எனிக்கு என்று இரண்டு பக்கமும் கேட்டது, ஒரு மோதல்கூட இல்லை.

மூன்றாவது ஆட்டம் 7 இன்னிங்ஸ் முடிவில் 2-2. எட்டாவதிலிருந்து ஒவ்வொரு அணியும் இரண்டாவது பேஸில் ஒருத்தியை நிறுத்திவைத்தே அடிக்கத் தொடங்க வேண்டும். நாங்கள் முதலில் அடித்தோம். ஒரு பன்ட் வைத்து, அதாவது பந்தை மெல்லத் தட்டிவிட்டு, அவளை மூன்றாவதுக்கு நகர்த்தினோம், அடுத்தவள் வலப்பக்கம் தரையோடு அடித்தாள், 3-2. அவர்கள் முறை. அவர்களும் பன்ட். அடித்தவளும் தப்பித்துவிட்டாள். முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. அதே இடம்.

சேச்சி வீசினார். முதல் பேஸ்காரி ஓடினாள். நான் எழுந்து கையை ஓங்கினேன். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து அதே குரல்: "கையில்! கையில்!" ஓங்கிய கையை விடவில்லை. மூன்றாவதில் நின்றவள் நான் எறிந்துவிட்டதாக நினைத்து ஐந்தாறு அடி வந்துவிட்டாள். "மூணு!" என்று கத்தினாள் மலப்புறத்துப் பெண். திரும்பி மூன்றாவதுக்கு எறிந்தேன். அம்பயர் கை மேலே போனது. அதற்கடுத்த இரண்டு பேரையும் சேச்சி ஸ்ட்ரைக்கில் அனுப்பினார்.

அரையிறுதி 0-7. அவர்கள் பிட்சரின் பந்து பிளேட்டுக்கு வரும்போது மேலே எழும்புவது போலவே தெரிந்தது, எங்களில் இரண்டு பேர் மட்டும் தொட்டார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் 2-5. சேச்சியின் தோள் அதற்குள் ஓய்ந்துவிட்டது. நான்கு நாளில் ஐந்து ஆட்டம், ஒரே பிட்சர். இது எங்கள் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை. மாஷும் அதை ஒப்புக்கொண்டார்.

அதனால் ஜனவரியிலிருந்தே முதலாமாண்டில் இரண்டு பேரைப் பிட்சிங்குக்குப் பழக்குகிறோம். ஒருத்தி கொழிஞ்சாம்பாறை, ஒருத்தி கோழிக்கோடு. சேச்சி படிப்பு முடிந்து போனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுக்கிறார். கேட்சர் கிளவுஸில் உள்ளங்கைத் தையல் விட்டிருக்கிறது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். ஆறு சொற்களையும் அட்டையில் இரண்டு மொழி எழுத்திலும் எழுதி விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் பந்தைத் தொடுமுன் அதைப் பத்து முறை கத்திக் காட்ட வேண்டும்.