தலையில் மட்டும் 5,625 சவரன்: பாங்காக் வாட் ட்ரைமித் தங்கப் புத்தர்

பாங்காக்கில் ஒரு டாக்ஸியை நிறுத்தி "தங்கப் புத்தர்" என்று மட்டும் சொன்னால் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஊர் முழுக்கப் பொன்னிறப் புத்தர்கள். பெரும்பாலும் உள்ளே வெண்கலம், அல்லது செங்கல்லும் சுதையும். மேலே அரக்குப் பூசித் தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். அரண்மனைக் கோயிலின் மரகத புத்தர் பச்சைக்கல். தங்கத்தையே உருக்கி வார்த்த பெரிய புத்தர் இருப்பது சைனாடவுன் ஓரத்திலுள்ள வாட் ட்ரைமித்தில். அதனால் கோயிலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்ஸியே வேண்டாம் என்பேன். எம்ஆர்டி மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் ஹுவா லம்போங் நிலையத்தில் இறங்கி, பழைய ரயில் நிலையத்துக்கு மேற்கே ஓடும் கால்வாயைத் தாண்டினால் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தால் அதே தடத்தில் சிலோம் நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம். வழியில் யாராவது நெருங்கி வந்து "இன்று விடுமுறை, கோயில் மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அந்த வேறு இடம் ஏதாவது ரத்தினக் கடையாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை மூடியிருப்பது கீழ்த்தளங்களிலுள்ள காட்சிக்கூடங்கள் மட்டும்தான். மேலே புத்தரைப் பார்க்க அன்றும் போகலாம்.

ஆனால் திங்களன்று போகாமல் இருப்பதே நல்லது. காரணம் மூன்றாவது தளம். 2010-இல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம் இது. இரண்டாவது தளத்தில் சைனாடவுன் வரலாறு, மூன்றாவதில் சிலையின் கதை, நான்காவதில் சிலை. எல்லோரும் படியேறி நேரே நான்காவது தளத்துக்குப் போய், படம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். மூன்றாவது தளத்தை முதலில் பாருங்கள். அங்கேதான் ஒரு காலத்தில் சிலையை மூடியிருந்த சுண்ணாம்புச் சில்லுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சிலையைப் பல தலைமுறைகள் சுதைச் சிலை என்றே நினைத்திருந்தன. உடல் முழுக்கச் சுதைப் பூச்சு, அதன் மேல் வண்ணம், பதித்த கண்ணாடித் துண்டுகள். 1767-இல் பர்மியப் படை அன்றைய தலைநகரான அயுத்தயாவை அழிப்பதற்குமுன் கொள்ளைக்குத் தப்பிக்க இப்படி மூடியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. மூடியவர்கள் யாரும் மிஞ்சவில்லை போலிருக்கிறது. ரகசியமும் அவர்களோடு போயிற்று. பாங்காக்கைத் தலைநகராக்கிய அரசர் முதலாம் ராமா காலத்தில், பாழான நகரங்களிலிருந்து பழைய புத்தர்களைப் பாங்காக்குக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் ராமா காலத்தில் இது ஆற்றங்கரையிலிருந்த சோத்தனாராம் கோயிலுக்குப் போனது. அந்தக் கோயில் பாழான பிறகு, 1935-இல் வாட் ட்ரைமித் வந்தது. இவ்வளவு பெரிய சிலைக்கு இங்கே கட்டடம் இல்லை. இருபது வருடம் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தது.

1955 மே 25. புதிய விகாரைக்குள் ஏற்றும்போது கயிறு அறுந்து சிலை தரையில் விழுந்தது. பளு தூக்குகிறவர்கள் பார்வையில் இதில் அதிசயம் இல்லை. தங்கத்தின் அடர்த்தி வெண்கலத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சுதைச் சிலை என்று நினைத்துக் கயிறு கட்டினால் என்ன ஆகும்? பூச்சில் ஒரு பகுதி பெயர்ந்து மஞ்சள் தெரிந்தது. முழுப் பூச்சையும் எடுத்தபோது, ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் ஒன்பது பாகங்களாகச் சிலை அமைந்திருப்பது தெரியவந்தது. அடிப்பகுதிச் சுதைக்குள் பாகங்களைக் கழற்றுவதற்கான ஒரு சாவியும் கிடைத்தது. செய்தவர்களே இடம் மாற்றுவதை எண்ணித்தான் செய்திருக்கிறார்கள். அதை அறியாமல் நூற்றைம்பது வருடங்களாக மொத்தமாகவே தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். பெயர்த்த சுதைத் துண்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார்கள். தங்கம் மேலே இருக்கட்டும்; இவற்றைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி தங்கக் கணக்கு. "ஐந்தரை டன் சுத்தத் தங்கம்" என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். மொத்த எடைதான் ஐந்தரை டன். கோயில் தரும் கணக்கின்படி உடலில் தங்கம் 40 சதவீதம், முகவாயிலிருந்து நெற்றிவரை 80, கேசமும் உச்சியும் 99 சதவீதம். நம் நகைக்கடைப் பேச்சில் சொன்னால் உடல் பத்து காரட்டுக்கும் சற்றுக் குறைவு, முகம் 19, தலை ஏறக்குறைய 24. அந்தக் கேசமும் உச்சியும் மட்டும் 45 கிலோ, அதாவது 5,625 சவரன். சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், கலப்புதான் கெட்டி என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும். பாரம் தாங்கும் உடலுக்குக் கலப்பு, வணங்கும் சிரசுக்குச் சொக்கத் தங்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். தர வித்தியாசத்தை நிறத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மெருகும் விளக்கொளியும் அதற்கு இடம் கொடுக்காது.

இன்னொன்று: சிலை கனமான கட்டி வார்ப்பு அல்ல, உள்ளே வெற்றிடம். மனக்கணக்கு போட்டாலே தெரியும். ஐந்தரை டன் சுத்தத் தங்கம் 285 லிட்டர்தான் வரும். கலப்புலோகமாக எடுத்துக்கொண்டாலும் மொட்டைமாடியிலிருக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் அடங்கிவிடும். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட அதே அளவு மடி அகலம் உள்ள உருவம் அதில் எப்படி வரும்? நம் ஊர் ஐம்பொன் சிலைகள் பெரும்பாலும் கெட்டியாக வார்த்தவை. தாய்லாந்தில் களிமண் கருவை உள்ளே வைத்து, அதைச் சுற்றி வார்ப்பது வழக்கம்.

வயது 13, 14-ஆம் நூற்றாண்டு என்பது பாணியை வைத்துச் சொல்வது. 1292-ஆம் ஆண்டின் ராம்கம்ஹெங் அரசர் கல்வெட்டு, அவருடைய தலைநகரான சுகோதையின் நடுவில் ஒரு 'தோங்' புத்தர் இருந்ததாகச் சொல்கிறது. அது இதுதான் என்பவர்கள் உண்டு. ஆனால் தாய் மொழியில் 'தோங்' என்பது தங்கம் மட்டுமல்ல. தோங் தெங் என்றால் செம்பு, தோங் லுவாங் பித்தளை. வெள்ளியை வெண்பொன் என்றும் இரும்பைக் கரும்பொன் என்றும் சொன்ன நமக்கு இது புதிதல்ல. ஒரு சொல்லை வைத்துச் சிலையை அடையாளம் காண முடியாது.

மேலே போனதும் நின்றபடி பார்க்காமல் தரையில் உட்காருங்கள். காலைச் சிலைப் பக்கம் நீட்டாமல் மடக்கிக்கொள்ளுங்கள். தாழ்ந்த இமைகள் அப்போதுதான் நம்மைப் பார்ப்பதாகத் தெரியும். முட்டை வடிவ முகம், புருவ வளைவிலிருந்து இறங்கும் கூர்மூக்கு, இடது தோளிலிருந்து தொங்கும் மடிப்பின் கவைத்த நுனி, முழங்காலைத் தாண்டிப் பூமியைச் சுட்டும் வலக்கை. எல்லாம் சுகோதைக்காரர்களின் கைவண்ணம். உச்சியில் தீச்சுடர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினம் புத்தர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுடர் பழகியதாகத் தோன்றும். பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள்; நெஞ்சிலிருந்து இடுப்புக்கு வரும் வளைவு முன்னாலிருந்து தெரியாது.

கைபேசியில் படம் எடுத்தால் முகம் வெள்ளைத் திட்டாகப் போகும். முகத்தைத் தொட்டுப் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கழற்ற எளிதான செருப்புப் போட்டுப் போங்கள்.

பழைய வெள்ளிப் புத்தர் என்று கடைகளில் காட்டுவார்கள். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறை அனுமதி வேண்டும். கடைக்காரரின் ரசீது போதாது.

தங்கமே வாங்குவதென்றால் வெளியே சீன வளைவைத் தாண்டி யாவராட் சாலை. அங்கே பலகையில் 'ஒரு பாத்' என்று எழுதியிருப்பது நாணயம் அல்ல, எடை: தங்கக் கட்டியானால் 15.244 கிராம், நகையானால் 15.16. தரம் 96.5 சதவீதம், நம் 916-ஐவிட மேல். சவரனுக்கு மாற்றிக் கணக்குப் போட்ட பிறகு கடைக்குள் போங்கள்.