ஏழு அங்குலத் திரையில் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2

கனடாவிலிருந்து பெரியக்கா அனுப்பிய ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி கல்லடி வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. முதலில் இறக்கியது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. ஊரைக் கட்டி, உணவு சேர்த்து, படை திரட்டிப் போரிடும், 1999இல் வெளிவந்த கணினி விளையாட்டு. என்னிடம் இருப்பது 2019இன் புதிய பதிப்பு. கருவியின் வேகத்தில் குறையே இல்லை. தொல்லை எல்லாம் திரையில் நகரும் சுட்டியில்தான்.

காட்டுப்பன்றி வேட்டையில் அது தெரிந்துவிட்டது. ஒரு பன்றியில் 340 உணவு கிடைக்கும். குடியானவன் அம்பெய்துவிட்டு, பன்றி துரத்தத் துரத்த நகர மையத்துக்கு ஓடிவர வேண்டும். வலப்பக்கத் தொடுபட்டையில் பெருவிரலை இழுத்தால், விரலை எடுத்த பிறகும் சுட்டி வழுக்கிக்கொண்டே போனது. சொடுக்கு மரத்தில் விழ, அவன் விறகு வெட்டத் திரும்பிப் பன்றியிடம் மாண்டான். முதல் நாளில் இப்படி இரண்டு பேர். அமைப்புக்குள் போய் 'டிராக்போல்' முறையை நிறுத்தினேன். இப்போது விரல் நின்ற இடத்தில் சுட்டியும் நிற்கிறது.

இரண்டாம் வாரம் முதுகுப்புறத்துப் பொத்தான்களுக்குப் போனது. எல்4இல் நகர மையத்தைத் தேர்ந்தெடுக்கும் 'எச்' விசை, எல்5இல் வேலையின்றி நிற்கும் குடியானவனைக் காட்டும் முற்றுப்புள்ளி விசை, ஆர்4, ஆர்5இல் இரண்டு படைக் குழுக்கள். நகர மையத்தில் ஒரு குடியானவன் உருவாக 25 நொடி. ஒவ்வொரு முறையும் திரையை நகர்த்தி மையத்தைத் தேடும் வேலை அத்தோடு ஒழிந்தது. விளையாட்டின் அடுத்த கட்டமான இரண்டாம் யுகத்துக்கு 17ஆவது நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தவன் இப்போது 12இல் போகிறேன். இந்தப் பொத்தான்கள் இல்லாத கருவியில் இதை ஆட எனக்கு மனம் வராது.

நான் தேர்ந்தெடுத்து ஆடுவது, விளையாட்டில் 2022இல் சேர்க்கப்பட்ட திராவிடர் என்ற இனத்தை. அவர்களின் மீன்பிடிப் படகு 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்! வீரர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். ஒரு நாள் குசினியிலிருந்து அம்மா, "மகன், யார் வந்திருக்கிறது?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுத்துகள் மிகச் சிறிதாகத் தெரிந்ததால் திரைப் பலகையின் அளவைக் கூட்டினேன். அது ஐந்து நிமிட வேலை.

இன்னும் வசப்படாதது, கட்டம் இழுத்துப் படையைத் தேர்ந்தெடுப்பது. சண்டை நடுவே இழுத்தால் பக்கத்தில் நிற்கும் குடியானவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒரு வீரனை இருமுறை சொடுக்கினால் திரையில் உள்ள அதே வகையினர் எல்லோரும் தேர்வாவார்கள். இந்த வாரம் அதைத்தான் பழகுகிறேன்.