வாடகையைக் கட்டாதீர்கள், அட்வான்ஸைக் கட்டுங்கள்

வேலைக்குப் போன பிள்ளைக்கு இன்னமும் வீட்டு வாடகை அனுப்பிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: மாதாமாதம் அனுப்புவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து அட்வான்ஸுக்குக் கொடுங்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ரெண்டும் ஒரே பணம்தானே, எந்தப் பையிலிருந்து போனால் என்ன என்கிறார்கள். ஒரே பணம்தான், ஆனால் அது செய்கிற வேலை வேறு.

முதல் வேலை, முதல் மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். வீட்டுக்காரர் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அட்வான்ஸ், முதல் மாத வாடகை, நடுவில் தரகர் இருந்தால் அவருக்கு ஒரு தொகை, அப்புறம் மெத்தை, அடுப்பு, பக்கெட், கரண்டி என்று ஒன்றுமே இல்லாத வீட்டை வீடாக்குவதற்கான செலவு, எல்லாம் வந்து நிற்கும். மாத வாடகையைத் தாராளமாகக் கட்டக்கூடிய சம்பளம் இருக்கிறவரும் இந்த ஒரு மாதத்தைத் தாண்ட முடியாமல் கடன் செயலியைத் திறக்கிறார், இல்லாவிட்டால் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார். குடும்பம் கை கொடுக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு பெரும்பாலோர் சமாளித்துக்கொள்வார்கள்.

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று ஒரு கணக்கு உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ பொருளாதார மேதை உட்கார்ந்து கண்டுபிடித்த விதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அரசு கட்டிய பொதுக் குடியிருப்புகளில் வசித்த ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-ல் எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த திருத்தத்தில் தொடங்கிய கணக்கு அது. 1981-ல் 25-ஐ 30 ஆக்கினார்கள். இதற்கு மேல் வாங்காதே என்று அரசுக்குப் போட்ட கடிவாளம், காலப்போக்கில் இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று நமக்குச் சொல்லும் அளவுகோலாகிவிட்டது. நியூயார்க்கில் வீட்டுக்காரர்கள் பலர் குடிவருபவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல் 40 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 12-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 30 சதவீதம். அவ்வளவு சம்பளம் இல்லாதவர் ஜாமீனுக்கு ஆள் கொண்டுவர வேண்டும், அந்த ஆளுக்கு 80 மடங்கு வருமானம் வேண்டும். உனக்குப் போதாது, உன் அப்பாவுக்கு ரெண்டு மடங்கு இருக்கிறதா என்று வீட்டுச் சந்தையே வெட்கமில்லாமல் கேட்கிறது. இதற்குப் பிறகும் 'இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சிக்கனம் தெரியல' என்று பேசுபவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

சரி, மாதாமாதம் அனுப்பினால் என்ன ஆகிறது? சம்பளம் 100 என்று வையுங்கள். கட்டுப்படியாகும் வாடகை 30. வீட்டிலிருந்து மாதம் 15 வருகிறது. பிள்ளை அந்த 30 வீட்டிலேயே இருந்துகொண்டு 15-ஐ ஒதுக்கி வைத்தால் நல்லதுதான், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் 45 வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கம், வெளிச்சம் இருக்கிறது, தனி அறை. குறை சொல்ல மாட்டேன், யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் அப்பா ஓய்வு பெறுகிறார், இல்லாவிட்டால் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் வருகிறது, அந்த 15 நின்றுபோகிறது, வாடகை மட்டும் 45-லேயே நிற்கிறது, ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் ஏற்றினால் 48. மலிவான வீட்டுக்கு மாறலாம் என்றால் மறுபடியும் ஒரு அட்வான்ஸ், வண்டிக் கூலி, ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததற்கு ஒரு பிடித்தம். மாறுவதற்கும் காசில்லாமல் இருப்பதற்கும் காசில்லாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அப்புறம் அந்த போன். மாதம் பிறந்ததும் 'அனுப்பியாச்சு, வந்துச்சா?' என்று ஒரு போன் வரும். அதோடு முடியாது. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய், போன வாரம் எங்கே போயிருந்தாய், அந்தப் புதுச் செருப்பு எவ்வளவு? யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பணம் போகிற வழியில் கேள்வியும் கூடவே போகிறது, அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் நல்ல திரைச்சீலையாக ஒரு ஜோடி வாங்கி ஜன்னலுக்குப் போட்டார். அதற்குப் பிறகு வீடியோ காலில் அப்பாவோடு பேசும்போதெல்லாம் ஜன்னல் தெரியாத மூலையாகப் பார்த்து உட்காருவார். 'வாடகைக்குப் பணம் வாங்கிட்டுத் திரைச்சீலை கேக்குதான்னு அவர் கேக்க மாட்டார், ஆனா எனக்கே அப்படித் தோணும்' என்றார். 27 வயது, நல்ல வேலை, திரைச்சீலைக்கு ஒளிய வேண்டியிருந்தது.

அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். வேலை போய்விட்டது, உடம்பு சரியில்லை, கைக்குழந்தையோடு தனியாக நிற்கிறார் என்றால் யோசிக்காமல் அனுப்புங்கள். அதிலும் எத்தனை மாதம் என்று முதலிலேயே பேசிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. 'பார்த்துக்கலாம்' என்று ஆரம்பித்த உதவிதான் பல வீடுகளில் மனக்கசப்பில் முடிந்திருக்கிறது.

அட்வான்ஸில் எனக்குப் பிடித்த விஷயம், அது திரும்பி வரும் பணம். வர வேண்டிய பணம் என்று சொல்வதுதான் சரி. இதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்க முடியாது, அதையும் வெப்பச் செலவு போன்றவற்றைக் கழித்த அடிப்படை வாடகையில்தான் கணக்கிட வேண்டும். மூன்று தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு, பணத்தை வீட்டுக்காரர் தன் சொந்தப் பணத்தோடு கலக்கவும் கூடாது. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி, ஆண்டு வாடகை ரொம்பப் பெரிதாக இல்லாத வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைதான் உச்சம். வாங்கிய பணத்தை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். பிள்ளைக்காக அம்மாவோ அப்பாவோ அட்வான்ஸ் கட்டியிருந்தால், பணம் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்ற விவரத்தை அவர்களுக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. பெற்றவர்கள் பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவே செல்லும் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாம் போகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கொடுக்கும் முன் பணம் எங்கே உட்காரப் போகிறது என்று பாருங்கள். தென் கொரியாவில் ஜான்சே என்று ஒரு முறை உண்டு. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேலேகூட மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்தை எடுத்து இன்னும் இன்னும் வீடு வாங்கிப் போட்டார்கள், விலை சரிந்ததும் திருப்பிக் கொடுக்க வழியில்லை, சிலர் ஏமாற்றுவதற்கென்றே செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இளவயதினர் ஏராளம். 2023-ல் அவர்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. குடும்பமே சேர்ந்து திரட்டிய பணம் ஒரு பேப்பரை நம்பிக் கொடுத்துப் போனால் எப்படி இருக்கும்.

பணத்தைவிட நான் பயப்படுவது கையெழுத்துக்குத்தான். பணம் கொடுத்தால் கொடுத்த தொகையோடு போகும். ஜாமீன் கையெழுத்துக்கு அடி ஆழம் தெரியாது.

அக்கா மகன் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு வீடு பார்த்தான். மூன்று பேருக்கும் ஒரே ஒப்பந்தம். அக்காவுக்கு வருமானச் சான்று காட்ட வழியில்லை என்பதால் ஜாமீன் என் தலையில் விழுந்தது. படிவத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பி, 'இங்க மட்டும் போட்டா போதும் மாமா' என்றான். முழுப் படிவத்தையும் அனுப்பச் சொன்னேன். உள்ளே, பொடி எழுத்தில், ஒப்பந்தப்படி சேர வேண்டிய வாடகை முழுவதும், சேதம், வசூல் செலவு, அதற்கு மேல் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் அந்தக் காலத்துக்கும் சேர்த்து என்று இருந்தது. முழுவதும் என்றால் மூன்று பேருடைய பங்கும்தான். நண்பர்களில் ஒருவன் பாதியில் கிளம்பிவிட்டால் அவன் பாக்கிக்கும் என் கதவைத் தட்டலாம். இதைச் சொன்னபோது அவன், 'அவனுங்க நல்ல பசங்க மாமா' என்றான். நல்ல பசங்கதான், நான் பார்த்திருக்கிறேன். நல்ல பசங்களுக்கும் வேலை போகும்.

என் பொறுப்பு மூன்றில் ஒரு பங்கு வரைதான், முதல் ஒப்பந்தக் காலம் வரைதான் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி ஏஜென்டுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் அக்கா மகன் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று புலம்பித் தீர்த்துவிட்டான். ஏஜென்ட் பங்கு வரம்புக்கு ஒப்புக்கொண்டார், நீட்டிக்கும்போது புதிதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். கேட்டால் கிடைக்கும் என்று எல்லா இடத்துக்கும் உத்தரவாதம் தர என்னால் முடியாது. கேட்காமல் போடக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

ஜப்பானில் இந்தத் தலைவலிக்குச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தப்படி, வாடகை வீட்டுக்குத் தனிநபர் ஒருவர் ஜாமீன் நின்றால், அவர் அதிகபட்சம் எவ்வளவுக்குப் பொறுப்பு என்ற தொகை எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஜாமீனே செல்லாது. பிரான்ஸில் விசால் என்ற திட்டம் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசமாக ஜாமீன் நிற்கிறது, அப்பா அம்மாவைத் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் உள்ளூரில் ஜாமீனுக்கு ஆள் இல்லாத பிள்ளைகளிடம், அதுவும் வெளிநாட்டிலிருந்து படிக்கப் போனவர்களிடம், ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் பழக்கம் இருந்தது. 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மொத்தப் பணத்துக்குப் பதில் ஜாமீன்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்பது என் சந்தேகம்.

கொடுக்கப் பணமும் இல்லை, கையெழுத்துக்குத் தகுதியும் இல்லை என்கிற குடும்பங்கள்தான் அதிகம். அவர்கள் கொடுப்பது வீட்டில் ஒரு அறை, அல்லது அறையில் ஒரு மூலை. இதை யாரும் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்லாந்தில் பிள்ளைகள் சராசரியாக 21 வயதிலேயே வீட்டை விட்டுத் தனியே போகிறார்கள், குரோஷியாவில் 30-ஐத் தாண்டிவிடுகிறது. குரோஷியப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. மாணவர்களுக்கே வாடகை உதவித்தொகை தரும் நாடு பின்லாந்து. அது இல்லாத ஊரில் அந்த இடத்தைக் குடும்பம் நிரப்புகிறது. பிள்ளை மூன்று வருடம் கூடவே இருந்து அட்வான்ஸுக்கும் அவசரத்துக்கும் சேர்த்துக்கொண்டு கிளம்பினால், வாடகை அனுப்பிய பணக்கார அப்பா செய்ததைவிட அந்த வீடு அதிகம் செய்திருக்கிறது என்பேன். சேர்க்கிறானா என்று பார்க்க வேண்டும், அது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. கொடுக்கும் பணம் கடனா, சும்மா கொடுத்ததா, திரும்பி வந்தால் யாருக்கு என்பதை எங்காவது எழுதி வையுங்கள். இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் இது கட்டாயம், மூத்தவனுக்குக் கொடுத்தது சின்னவளுக்கு எப்படியும் தெரியவரும். முத்திரைத்தாளெல்லாம் வேண்டாம், ஒரு வாட்ஸப் மெசேஜ் போதும். மகனுக்கு அனுப்பச் சொல்லி நான் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: இது உன் பங்கு அட்வான்ஸுக்கு. வீட்டைக் காலி செய்யும்போது வருவதைத் தங்கைக்கு வைக்க வேண்டும். அதுவரை இந்தப் பணத்தைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். அக்கா முதல் இரண்டு வரியை மட்டும் அனுப்பினாள். மூன்றாவது வரியை அவன் கேட்டு வாங்கினான்.