சராசரிக்குள் மறையும் அழிவு

தரமணியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், கணினிக்குள் பிறந்து, பெருகி, மடியும் செயற்கை உயிர்களை உருவாக்கி ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அடுத்த பருவம் எப்படி அமையும் என்று தெரியாத நிலையில், அவற்றுள் எந்த முடிவெடுக்கும் முறை நிலைக்கிறது என்பதைக் கவனிக்கிறோம். 1987இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் கணினி அறிவியலாளர் கிறிஸ்டோபர் லாங்டன் கூட்டிய பயிலரங்கில்தான் இது தனித் துறையாகத் திரண்டது. எனக்கு நெருக்கமான கேள்வியோ அதற்கும் மூத்தது. 1966இல் உயிரியலாளர் டான் கோஹென், ஓராண்டுச் செடிகளை வைத்து எழுப்பியது. மழை நிச்சயமில்லாதபோது, விதைகளில் எத்தனை பங்கு இந்த ஆண்டே முளைக்கலாம்?

புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டுவேன். முளைத்த விதை நல்ல ஆண்டில் நான்காகும், வறண்ட ஆண்டில் அழியும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. முளைக்காதது மண்ணிலேயே தங்கும். எல்லாவற்றையும் முளைக்கவிடும் இனம் சராசரியாக ஆண்டுக்கு இரு மடங்காகும். ஆனால் ஒரே வறட்சியில் பூண்டோடு போய்விடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் முளைக்கவிடும் இனம் நல்ல ஆண்டில் இரு மடங்காகும், கெட்ட ஆண்டில் மூன்றில் இரண்டாகக் குறையும். சராசரியில் பின்தங்கினாலும், நல்லதும் கெட்டதுமாக இரண்டு ஆண்டுகள் கடந்தபின் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத உழவர்கள் சூத்திரமின்றியே போட்ட கணக்கு இது.

"சார், முதல் இனத்தோட சராசரி நல்லாத்தானே இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். ஒரே விதையில் தொடங்கும் பத்து ஆண்டுக் கணக்கைத் திரையில் விரித்துக் காட்டுவேன். ஏறக்குறைய 1,024 ஓட்டங்களுக்கு ஒன்றில்தான் அந்த இனம் மிஞ்சும். அந்த ஒன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளோடு நிற்பதால், மற்ற அழிவுகள் எல்லாம் சராசரிக்குள் மறைந்துவிடும்.

சென்னையில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்ற எண், 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கும், 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கும் என்ன சொல்லியிருக்கும்?

அதிலும், என் தாளில் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் உறுதியாகத் தர முடியாது. அளக்கக்கூடிய இடர் வேறு, அளக்க முடியாத நிச்சயமின்மை வேறு என்று பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இலேயே பிரித்துக் காட்டினார். ஆகவே, எங்கள் உயிர்களுக்கு வாய்ப்பின் அளவைச் சொல்வதில்லை. ஓட்டத்தின் நடுவே அதை மாற்றியும் விடுகிறோம். எந்த அறிக்கையிலும் அழிந்த ஓட்டங்களின் எண்ணிக்கை முதலில், சராசரி அதற்குப் பிறகுதான் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.